வன்னி வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர்: பின்பக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டிய பொருள்

இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியோரமாக உள்ள மின்சாதனக் கடையொன்றில் வாங்கிய 43 அங்குலத் தொலைக்காட்சியையும், அதனோடு இணைத்துப் பாவிக்கின்ற, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூபரும் கொண்ட 5.1 ஹோம் தியேட்டர் தொகுதியையும் பற்றிய மதிப்பீடு இது. இரண்டும் சேர்ந்து ஒன்றரை இலட்சம் ரூபாவைத் தாண்டவில்லை. இரண்டும் சீனத் தயாரிப்புகள். கொழும்பு இறக்குமதியாளர் ஒருவரின் வணிகப் பெயரோடு வருபவை. ஏறத்தாழ இதே பெட்டிகள் வேறு வேறு பெயர்களில் வவுனியாவிலும் மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் விற்கப்படுவதால், பெயரைச் சொல்வதனால் வாசகருக்குப் பெரிய பயன் எதுவும் இல்லை. படம் எப்படி, ஒலி எப்படி என்று எழுதப்படும் மதிப்பீடுகள் ஏராளம். இந்தச் சாதனங்கள் நம்முடைய வீட்டு மின்னிணைப்பில், சித்திரை வெயிலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும், பிள்ளைகளும் முதியவர்களும் நடமாடும் ஒரு சிறிய மண்டபத்தில் எவ்வளவு பாதுகாப்பாக இயங்குகின்றன என்று எழுதுபவர்கள் குறைவு. ஆகவே இம்மதிப்பீட்டின் பெரும்பகுதி பெட்டியின் பின்பக்கத்தையும், அது செருகப்படுகின்ற சுவரையும் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் படத்தையும் ஒலியையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விறாந்தைக் கதவு திறந்திருக்கும் பகல் நேரத்திலும் படம் மங்காமல் தெரிகிறது. செய்தி வாசிப்பும் நாடக வசனமும் நடு ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்கின்றன. நாதஸ்வரக் கச்சேரி போட்டால் குழல் நன்றாக இருக்கிறது. தவிலின் தொப்பிப் பக்கத்து அடிதான் தனித்துக் கேட்காமல் ஒரே முழக்கமாகக் கலந்துவிடுகிறது. தாழ்ந்த ஒலிக்கென உள்ள பெரிய ஸ்பீக்கரான சப்வூபரின் அளவை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்த பின்னரே தாளம் பிரிந்து கேட்டது. இந்த விலைக்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எதிர்பார்க்கக் கூடாத அளவுக்கு எதிர்பார்க்க வைப்பது பெட்டியின் முன்பக்கம். அதில் தங்க நிறத்தில் "12,000 வாற்று பி.எம்.பி.ஓ" என்று அச்சிட்டிருக்கிறார்கள். சப்வூபரைத் திருப்பி அதன் பின்னால் ஒட்டியிருக்கும் வெள்ளி நிறத் தாளை வாசித்தால், 220-240 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ், 80 வாற்று என்று இருக்கிறது. சுவரிலிருந்து 80 வாற்று எடுக்கின்ற ஒரு சாதனம் அதைவிடக் கூடிய வலுவைத் தொடர்ச்சியாக ஒலியாக வெளியே தர முடியாது. உள்ளே வெப்பமாகப் போவதைக் கழித்தால் கிடைப்பது அதற்கும் குறைவுதான். பி.எம்.பி.ஓ என்பது விற்பனைக்காகச் சொல்லப்படுகின்ற எண்ணே தவிர, எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு முறை எதனாலும் கட்டுப்பட்டது அல்ல. தொடர்ச்சியாகத் தரக்கூடிய வலுவைக் காட்டும் ஆர்.எம்.எஸ் என்று குறிப்பிடப்பட்ட எண் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பின்பக்கத் தாளில் உள்ள மின்னுகர்வை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இதை வெறும் விளம்பரப் பொய் என்று விட்டுவிட முடியாது. பன்னிரண்டாயிரம் என்பதை நம்புகிறவர்கள், சாமத்திய வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் இந்தச் சின்னப் பெட்டியை முற்றத்தில் வைத்து ஒலியளவை முழுமையாகத் திருப்பிவிடுகிறார்கள். ஒலி கரகரக்கத் தொடங்குவது, அம்பிளிபயர் தன் எல்லையைக் கடந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அந்த நிலையில் மணிக்கணக்காக ஓடினால் ஸ்பீக்கரின் சுருளும் அம்பிளிபயரின் உள்ளுறுப்பும் சூடேறிக் கருகும். முற்றத்து ஒலிக்கு வாடகை ஒலிபெருக்கியே பொருத்தம்.

அடுத்தது, எனக்கு மிகவும் அதிருப்தி தந்த விடயம்: ஹோம் தியேட்டரோடு வந்த செருகி. இலங்கையின் நியமம் 13 அம்பியர் சதுர முள் செருகி. கடைகளில் இலங்கைத் தர முத்திரையான எஸ்.எல்.எஸ் முத்திரையோடு கிடைப்பதும் புதிய வீடுகளில் பொருத்தப்படுவதும் அதுதான். இந்தத் தொகுதியோ மெல்லிய இரண்டு உருண்டை முள்ளோடு வருகிறது. பொருத்த வந்த பையன், சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, பிளக் பொயின்றின் மேல் துவாரத்துக்குள் விட்டு அழுத்தி, கீழே உள்ள இரண்டு துவாரங்களின் மூடிகள் விலகியதும் அந்த உருண்டை முள்ளை உள்ளே தள்ளினான். "எல்லா இடமும் இப்பிடித்தான் அண்ணை போடுறது" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. பேனை, ஈர்க்கு, தீக்குச்சி, சில வேளைகளில் இரும்புத் திருப்புளி என்று நம் வீடுகளில் இது அன்றாட வழக்கமாகவே ஆகிவிட்டது. சதுர முள் செருகியில் புவித்தொடுப்பு (ஏர்த்) முள்ளை மற்ற இரண்டையும் விட நீளமாகச் செய்திருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அது முதலில் உள்ளே போய் மூடிகளைத் திறக்க வேண்டும்; சாதனத்துக்கு மின் வருவதற்கு முன்னரே புவியோடு தொடுப்பு ஏற்பட்டுவிட வேண்டும். மூடிகள் இருப்பது தவழும் பிள்ளை ஊசியையோ கம்பியையோ உள்ளே விட்டாலும் மின் வரும் உயிர்க்கம்பியைத் தொடாமல் இருப்பதற்காக. பேனையால் அதைத் திறந்து பழகுகின்ற பெரியவரைப் பார்த்துத்தான் பிள்ளையும் பழகுகிறது. அதைவிட, உருண்டை முள் சதுரத் துவாரத்தில் முழுமையாகப் பற்றிக்கொள்வதில்லை. தளர்ந்த தொடுகையில் பொறி பறக்கும்; பொறி பறக்கும் இடம் சூடாகும். சில மாதங்கள் கழித்துச் செருகியைக் கழற்றிப் பார்த்தால் முள்ளின் அடியில் பிளாஸ்ரிக் பழுப்பேறியிருப்பதைக் காணலாம். நான் அந்தச் செருகியை வெட்டிவிட்டு 13 அம்பியர் செருகியை வயரிங் வேலை தெரிந்தவரைக் கொண்டு பூட்டுவித்தேன். அதற்கான செலவு ஹோம் தியேட்டரின் விலையில் ஒரு தூசு.

அந்தச் செருகிக்குள் இருக்கும், பியூஸ் எனப்படும் உருகியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் செருகிகளில் வழமையாக 13 அம்பியர் உருகியே இருக்கும். இந்தத் தொகுதிக்கோ தொலைக்காட்சிக்கோ அவ்வளவு தேவையில்லை. தொலைக்காட்சி, ஹோம் தியேட்டர், டிஷ் பெட்டி மூன்றையும் கூட்டினாலும் 250 வாற்றுக்குள் அடங்கும். 230 வோல்ற்றில் அது ஓர் அம்பியருக்குச் சற்று மேல், அவ்வளவே. 3 அம்பியர் உருகி ஏறத்தாழ 690 வாற்று வரை தாங்கும். மூன்று சாதனங்களையும் ஒரே மல்ரி பிளக்கில் போட்டு, அந்த மல்ரி பிளக்கின் செருகியில் 3 அம்பியர் உருகியைப் பூட்டினால், வேறு ஒரு பயனும் சேர்ந்து கிடைக்கிறது. வெறுமையாக இருக்கும் துவாரத்தில் யாராவது இஸ்திரிக்கைப் பெட்டியையோ கேத்தலையோ செருகினால் உருகி உடனே போய்விடும். 2,000 வாற்றுக் கேத்தல் ஏறத்தாழ 8.7 அம்பியர் எடுக்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கின்ற மல்ரி பிளக்கின் உள்ளே ஓடுகின்ற மெல்லிய வயர் அதைத் தாங்காது. அந்த மலிவு ரகத்தில் எல்லா நாட்டுச் செருகியும் போகக்கூடியதாக அகன்ற துவாரங்கள் வைத்திருப்பார்கள். மூடியும் இருக்காது, சிலவற்றில் புவிக்கம்பியே இருக்காது. கழற்றிப் பார்த்தால் மூன்று முள் இருக்கும், உள்ளே இரண்டு கம்பி மட்டும் ஓடும். 3 அம்பியர் உருகி எல்லாக் கடையிலும் வைத்திருப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டியதுதான்.

தொலைக்காட்சியிலும் ஹோம் தியேட்டரிலும் புவித்தொடுப்பு இல்லை என்று சிலர் அஞ்சக்கூடும். பின்பக்கத் தாளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் காவலிட்ட (இரண்டு அடுக்கு மின்காப்புள்ள) சாதனம் என்பது அதன் பொருள். அதற்குப் புவிக்கம்பி தேவையில்லை. இவை இரண்டிலும் அந்தக் குறி இருக்கிறது. ஆனாலும் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று எச்.டி.எம்.ஐ வயரின் உலோக முனையையோ டிஷ் வயரின் திருகு முனையையோ தொடும்போது, மெல்லிய எறும்புக் கடி போல ஒரு சுரீர் உணர்வு ஏற்படலாம். மின்வழங்கியில் உள்ள சிறிய கொள்ளளவியினூடாக (கப்பாசிற்றர்) வரும் நுண்ணிய கசிவோட்டம் அது. நல்ல நிலையில் உள்ள சாதனத்தில் அதனால் ஆபத்து இல்லை. இருந்தாலும் வயர்களை இணைப்பதற்கு முன் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிடுவதே முறை. கையை உதற வைக்கின்ற அளவுக்கு அடித்தால் அது வேறு கதை: சாதனத்தில் பிழை, அல்லது வீட்டு இணைப்பில் பிழை. உலோக உடலும் மூன்று கம்பி வயரும் கொண்ட பழைய அம்பிளிபயர்களுக்கு நல்ல புவித்தொடுப்பு இல்லாமல் முடியாது. இங்கே வீட்டுக்குப் பின்னால் அடித்து இறக்கிய செப்புக் கோலைச் சுற்றி ஆடி ஆவணியில் மண் காய்ந்து வெடித்துப் போகிறது. காய்ந்த மண் மின்னைச் சரியாகக் கடத்தாது. கோலோடு கம்பி இணையும் கவ்வி துருப்பிடித்துக் கழன்று கிடக்கும் வீடுகளும் உண்டு. கிணற்றடி ஈரம் படும் இடத்தில் கோல் இருந்தால் நல்லது.

ட்ரிப் சுவிட்ச் பற்றியும் ஒரு வார்த்தை. 30 மில்லி அம்பியர் மின் கசிந்ததும் விழுகின்ற ட்ரிப் சுவிட்ச்தான் உயிரைக் காப்பது. அதில் உள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் அது சுவரில் தொங்கும் அலங்காரப் பொருள்தான். மாரி காலத்தில் சுவர் ஈரமாகி அது அடிக்கடி விழுகிறது என்பதற்காக, அதைத் தாண்டி நேரே இணைத்துக் கொடுக்கின்ற வயரிங்காரர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்குச் சம்மதிக்கக் கூடாது. ஒருவர் உயிர்க்கம்பியையும் நொதுமல் (நியூட்ரல்) கம்பியையும் ஒரே நேரத்தில் பிடித்தால் ட்ரிப் சுவிட்ச் கண்டுகொள்ளாது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாதனத்தின் மூடியைத் திறப்பவர்களுக்கு இது முக்கியம். சுவரில் 230 வோல்ற்று என்றாலும், தொலைக்காட்சியின் மின்வழங்கிக்குள் அது ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டமாக மாறிக் கொள்ளளவியில் தேங்கி நிற்கும். செருகியைக் கழற்றிய பின்னரும் சற்று நேரம் நிற்கும்.

வன்னியில் இந்தச் சாதனங்களின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மின்னல். இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் இடி மின்னல் கூடுதல். வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு முறையும் விடுக்கின்ற எச்சரிக்கையில், மின்னோடு தொடுத்த சாதனங்களையும் கம்பித் தொலைபேசியையும் பாவிக்க வேண்டாம் என்பது தவறாமல் இருக்கும். வயல்வெளி நடுவே தனித்து நிற்கும் வீடு, அதன் கூரைக்கு மேல் குழாயில் உயர்த்திய டிஷ் அல்லது அன்ரெனா என்பதே நம் ஊர்களின் அமைப்பு. மின்னல் முழங்கத் தொடங்கியதும் பலர் சுவர்ச் செருகியை மட்டும் இழுத்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். டிஷ் வயர் பெட்டியோடு திருகியபடியே இருக்கும். அருகில் விழுகின்ற மின்னலின் மின்னெழுச்சி, அதாவது திடீரென ஏறும் மின்னழுத்தம், அந்த வயர் வழியாக டிஷ் பெட்டிக்கும், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ வழியாகத் தொலைக்காட்சிக்கும், மறுபடி இன்னொரு எச்.டி.எம்.ஐ வழியாக ஹோம் தியேட்டருக்கும் போகும். படம் வரும், ஆனால் எச்.டி.எம்.ஐ துவாரம் எதுவும் வேலை செய்யாது என்று திருத்தக் கொண்டுவரப்படும் தொலைக்காட்சிகளில் பலவற்றின் கதை இதுதான். ஆகவே இரண்டையும் கழற்ற வேண்டும்; வானம் இருளும்போதே கழற்ற வேண்டும், தலைக்கு மேல் இடிக்கும்போது வயரில் கை வைக்கக் கூடாது. கடைக்காரர் கூடுதல் விலைக்குத் தந்த மின்னெழுச்சிக் காப்பான் சிறிய எழுச்சிகளுக்கு உதவும். நேரடி மின்னலை அது தடுக்காது. அதன் உள்ளே இருக்கும் உறுப்பு ஒவ்வொரு எழுச்சிக்கும் சிறிது சிறிதாகத் தேய்ந்து போவது. நல்ல புவித்தொடுப்பு இல்லாத வீட்டில் அதன் வேலையில் பாதி நடக்காது.

வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ற்று, ஆறு சதவீதம் கூடக் குறைய. அதாவது 216 இலிருந்து 244 வரை. மின்மாற்றியிலிருந்து (ட்ரான்ஸ்போமர்) தொலைவில், மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் வீடுகளில், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் இதற்குக் கீழே இறங்குவதுண்டு. தொலைக்காட்சியின் மின்வழங்கி 100 வோல்ற்றிலிருந்து வேலை செய்யக்கூடியது, அது அசையாது. ஹோம் தியேட்டரில் உள்ளது பழைய வகை மின்மாற்றி. வோல்ற்றளவு இறங்கும்போது ஒலி தளர்கிறது, சப்வூபர் முனகுகிறது. குறைவை விடக் கூடுதலே ஆபத்து. காற்று மழைக்கு மரம் முறிந்து வரிசையின் நொதுமல் கம்பி அறுந்தால், சில வீடுகளுக்கு 400 வோல்ற்றுக்குக் கிட்டக்கூட வந்துவிடும். மின்குமிழ்கள் திடீரெனப் பிரகாசித்தால் யோசிக்காமல் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987 க்கு அறிவிக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தானே துண்டித்து, மின் திரும்பி வந்த பின் சில நிமிடம் தாமதித்து இணைக்கின்ற வோல்டேஜ் கார்ட் ஒன்று, 2022 இல் மணிக்கணக்கான மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு ஆடம்பரம் அல்ல.

இங்கே ஒரு விடயத்தை நினைவுபடுத்தலாம். 1990 இற்குப் பின் யுத்தம் முடியும் வரை வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலையமைப்பிலிருந்து மின் வரவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. 2009 இற்குப் பின் மீள்குடியேற்றமும் வடக்கின் வசந்தம் அபிவிருத்தித் திட்டமும் வந்தபோது வீடுகள் வேகவேகமாகக் கட்டப்பட்டு, வேகவேகமாக வயரிங் செய்யப்பட்டன. ஒரு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் போதும் என்று நினைத்துப் போட்ட வயரிங்தான் இன்று தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, நீரிறைக்கும் மோட்டர் எல்லாவற்றையும் சுமக்கிறது. பெரிய சாதனம் வாங்கும் முன் அந்த வயரிங்கை ஒரு தடவை சோதிப்பிப்பது, சாதனத்தைத் தெரிவு செய்வதற்கு ஈடான வேலை.

வீட்டுத்திட்ட வீடுகளின் சுவரும் கவனிக்க வேண்டியதே. தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டும் சட்டகத்தைக் கடை இலவசமாகத் தந்தது. அதோடு வந்த, திருகாணியைச் சுவரில் பிடித்து வைக்கும் நான்கு பிளாஸ்ரிக் முளைகள் திடமான கொங்கிறீற்றுக்கு உரியவை. உள்ளே குடைவான சீமெந்துக் கல்லில் துளையிட்டால், துளை கருவி இரண்டு விரற்கடை உள்ளே போனதும் தடக்கென்று வெறுமைக்குள் விழும். அங்கே முளை பிடிப்பதற்கு எதுவுமில்லை. சாந்துப் பூச்சு மட்டும் அதைத் தாங்கி நிற்கும். எட்டுக் கிலோ அளவில் உள்ள தொலைக்காட்சி முதல் நாள் விழாது. வயரைச் செருகுவதற்காக அதைச் சரித்துச் சரித்து இழுக்க, ஒரு நாள் விழும். குடைவுச் சுவருக்குரிய, உள்ளே விரிந்து கொள்ளும் முளைகளைப் பாவிக்க வேண்டும், அல்லது சுவரின் குறுக்கே மறுபக்கம் வரை ஆணி முறுக்கிப் பூட்ட வேண்டும். மேசையில் வைப்பவர்கள் அகலமான, தாழ்ந்த மேசையைத் தெரிந்து, தொலைக்காட்சியின் பின்னுள்ள துளைகளில் ஒரு பட்டியைக் கட்டிச் சுவரோடு இழுத்துக் கட்டிவிடலாம். ரிமோட்டையோ விளையாட்டுப் பொருளையோ தொலைக்காட்சிக்கு மேலே வைத்தால் பிள்ளை அதை எடுப்பதற்கு மேசை இழுப்பறையில் ஏறும்.

பின் ஸ்பீக்கர்களின் வயர் நீளம் போதாது. தந்திருக்கும் நீளத்துக்கு மண்டபத்தின் குறுக்கே, வாசற்படியைத் தாண்டி, பாய்க்குக் கீழாகத்தான் இழுக்க முடியும். மிதிபடும் வயர் உள்ளே அறும். முதியவரின் கால் தடக்கும். கூடுதல் நீளம் வாங்கிச் சுவரோரமாக ஓட்ட வேண்டும். முனைகளை அழுத்துக் கவ்வியில் பூட்டும்போது செப்பு இழைகளை முறுக்கி ஒன்றாக்காவிட்டால், வெளியே நீட்டும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டு அம்பிளிபயரைக் கொல்லப் போதும்.

சப்வூபரின் பின் தகடு ஒரு மணி நேர ஓட்டத்தில் கை வைக்கச் சூடாகிறது. பின்னாலும் பக்கங்களிலும் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். நம் வீடுகளில் புதுச் சாதனத்துக்குப் பூவேலைத் துணி போர்ப்பது ஓர் உபசாரம். ஓடும்போது அதை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் தட்டில் சுவாமிப் படமும் தேங்காயெண்ணெய் விளக்கும் சாம்பிராணிக் குச்சியும் வைக்கும் வழக்கத்தையும் மாற்ற வேண்டும். எண்ணெய்த் துளி காற்றுத் துவாரத்துக்குள் போனாலும் தீக்கங்கு துணியில் விழுந்தாலும் விளைவு ஒன்றே. சிற்றுயிர்களுக்கு இந்தப் பெட்டிகள் மிகவும் பிடித்துவிடுகின்றன. காற்றுத் துவாரத்தால் பல்லி நுழைந்து மின்சுற்றுப் பலகையில் இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடக்கும். சப்வூபரின் வட்டத் துவாரத்திலும் பாவிக்காத பிளக் பொயின்றிலும் குளவி மண்கூடு கட்டும். நீண்ட நாள் பூட்டி வைத்த வீட்டைத் திறந்தால், செருகுவதற்கு முன் துவாரத்தைப் பார்க்க வேண்டும். கூடு இருந்தால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டே எடுக்க வேண்டும்.

சப்வூபரும் மல்ரி பிளக்கும் தரையில் இருப்பவை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் தண்ணீர் முதலில் தொட்டவை இத்தகைய பொருட்களே. இரண்டு சீமெந்துக் கல்லின் மேல் சப்வூபரை ஏற்றி வைத்து, மல்ரி பிளக்கைச் சுவரில் முழங்கால் உயரத்தில் அறைந்துவிடலாம். வெள்ளத்தில் நனைந்த சாதனத்தை வெயிலில் காயவைத்து "ஒருக்கால் போட்டுப் பாப்பம்" என்று செருகக் கூடாது. உள்ளே படிந்த சேறும் உப்பும் காய்ந்த பின்னரும் மின்னைக் கடத்தும்.

காதுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான கேட்டலுக்குப் பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம் என்றும், சிறுவர்களுக்கு 75 டெசிபெல்லில் அதே 40 மணி நேரம் என்றும் எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். கைப்பேசிச் செயலியால் அளந்தபோது, இந்தத் தொகுதியின் ஒலியளவைப் பாதிக்கு வைத்தாலே மண்டபத்தின் நடுவில் 85 ஐத் தொட்டது. கைப்பேசி அளவு துல்லியமானதல்ல என்றாலும், பாதிக்கு மேல் திருப்பத் தேவையில்லை என்பதற்கு அது போதும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையை உயர் நீதிமன்றம் 2007 இல் தடுத்தது கோயில், பள்ளிவாசல், விழா மேடை ஆகியவற்றை மனதில் கொண்டுதான். சப்வூபர் அடுத்த வளவின் யன்னலை அதிர வைக்கும்போது அயலவர் அந்த வேறுபாட்டைப் பார்க்க மாட்டார்.

இன்னொன்று, எந்தக் கையேட்டிலும் எழுதப்படாதது. இந்த மண்ணில் ஷெல்லுக்கு நடுவே பதுங்கு குழிக்குள் இருந்த மனிதர்கள் இன்னும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். சண்டைப் படத்தின் வெடியோசையை இந்தச் சப்வூபர் தரையோடு சேர்த்துத் தருகிறது. அடுத்த அறையில் உறங்கும் மூதாட்டி திடுக்கிட்டு எழுகிறார். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் இரவு முறை என்று ஒன்று உண்டு. பேச்சை மங்காமல் வைத்து வெடியை அடக்கும். சப்வூபரை முழுமையாக நிறுத்திவிட்டுப் பார்ப்பது அதைவிட எளிது. இந்தத் தொகுதியில் சப்வூபருக்குத் தனிப் பொத்தான் ரிமோட்டிலேயே இருப்பது நான் மனதாரப் பாராட்டும் அம்சம்.

அதே ரிமோட்டில் பாராட்ட முடியாத அம்சமும் உண்டு. அது நாணயம் போன்ற லிதியம் பற்றரியில் இயங்குகிறது. பற்றரித் தட்டுக்குத் திருகாணி இல்லை, நகத்தால் இழுத்தால் வந்துவிடும். பிள்ளை விழுங்கினால் அந்தப் பற்றரி உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் எரிகாயத்தை ஏற்படுத்தக்கூடும். சந்தேகம் இருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தோ கிடைத்த வாகனத்திலோ உடனடியாக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நான் தட்டைச் சுற்றி உறுதியான ஒட்டுநாடா சுற்றியிருக்கிறேன். தொலைக்காட்சியின் ரிமோட் சாதாரண பென்சில் பற்றரியில் இயங்குவது. அதில் இந்தப் பயமில்லை.

கையேடு ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டுமே இருக்கிறது; பாதுகாப்புப் பகுதி கடைசிப் பக்கத்தில், மிளகு அளவு எழுத்தில். உத்தரவாத அட்டை ஒரு வருடத்துக்கு. மின்னல், வோல்ற்றளவு மாற்றம், நீர், பூச்சி ஆகியவற்றால் வரும் சேதம் அதில் அடங்காது என்று அச்சிட்டிருக்கிறார்கள். வன்னியில் ஒரு தொலைக்காட்சி கெடுவதற்கு இவை தவிர்ந்த காரணங்கள் எத்தனை என்று கேட்கத் தோன்றுகிறது. அட்டையில் கடை முத்திரையும் திகதியும் தொடரிலக்கமும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, பற்றுச்சீட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். முறைப்பாடு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முதலில் கேட்கப்படுவது அந்தச் சீட்டுத்தான்.

தொலைக்காட்சியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். ஹோம் தியேட்டரை, செருகியையும் வயர்களையும் மாற்றுவதற்கான செலவை விலையோடு சேர்த்துப் பார்த்து, அப்போதும் கட்டுப்படியானால் வாங்கலாம். மண்டபம் மிகச் சிறியதென்றால் பின் ஸ்பீக்கர்களும் குறுக்கு வயர்களும் இல்லாத சவுண்ட்பார் ஒன்றே போதும். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற தொலைவான இடங்களிலிருந்து வருகிறவர்கள், காசு செலுத்துவதற்கு முன்னரே 13 அம்பியர் செருகியைப் பூட்டித் தரும்படியும், குடைவுச் சுவருக்குரிய முளைகளைத் தரும்படியும் கேட்க வேண்டும். நான் கேட்டபோது முளைகளை மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். செருகிக்கு மட்டும் தனியாகக் காசு வாங்கினார்கள்.